இணைப்பில் தெரியும் காலம்: நெய்யாற்றின்கரை எல்லைப்புறத்து உலோகக் கலங்கள்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்துக்குள் அடங்கிய கொல்லயில், தனுவச்சபுரம், பாறசாலை முதலிய ஊர்கள், களியக்காவிளைச் சந்தையையும் அதற்கு அப்பாலுள்ள விளவங்கோட்டு நாட்டையும் ஒட்டியே நெடுங்காலம் வாழ்ந்தவை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப்பட்டபோது இவ்வூர்கள் கேரளத்தில் நின்றுவிட்டன. எனினும் உருளி, வார்ப்பு, குட்டுவம், சருவம், கிண்டி என்று அடுக்களையிலும் கலவறையிலும் வழங்கிய பெயர்களும் அப்பெயர்களுக்குரிய கலங்களும் எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒன்றாகவே இருந்தன. இந்தக் கலங்களின் வரலாற்றைப் பெரும்பாலும் உலோகத்தின் பெயரைக் கொண்டே எழுதுவது வழக்கம்: முதலில் வெண்கலம், பிறகு செம்பும் பித்தளையும், பிறகு தகரம், அலுமினியம், எவர்சில்வர். அந்த வரிசை பிழையன்று. ஆனால் ஒரு கலம் எந்த உலோகத்தால் ஆனது என்பதைக் காட்டிலும், அதன் துண்டுகள் எவ்வாறு ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன என்பதே, அதைச் செய்தவர் யார், வாங்கியவர் யார், உடைந்தபோது அதைச் சரிசெய்யக்கூடியவர் அருகில் இருந்தாரா என்பவற்றைத் தெளிவாகச் சொல்கிறது.

பொருளைச் சேமித்து வைக்க உலோகத்தை நாடுவது இப்பகுதியில் பொதுவழக்காக இருந்ததில்லை என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். நெல் இருந்தது பத்தாயத்தில்; அது பலா, அயினி போன்ற மரப்பலகைகளால் ஆன, அறையளவு பெரிதாகவும் அமையக்கூடிய தானியப்பெட்டி. உப்பும் புளியும் ஊறுகாயும் மட்பாண்டத்திலும் பீங்கான் பரணியிலும் இருந்தன, ஏனெனில் உப்பும் புளிப்பும் செம்பையும் பித்தளையையும் அரித்துப் பச்சைக் களிம்பை உண்டாக்கும். கருப்பட்டி பனையோலைப் பெட்டியில் இருந்தது. நெல்லளக்கும் பறை கூட மரத்தைக் குடைந்து பித்தளைப் பூண் கட்டியதே. உலோகத்துக்கென்று எஞ்சியவை நீர், எண்ணெய், நெய், வெற்றிலைச் செல்லம், நகையும் ஆவணமும் வைக்கும் சிறு பெட்டிகள், விருந்துச் சமையலுக்கான பெருங்கலங்கள் ஆகியவை மட்டுமே. அவையும் கோயிலிலும் நிலவுடைமை வீடுகளிலும் குவிந்திருந்தன.

இந்தக் குவிப்புக்கு விலை மட்டும் காரணமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தென் திருவிதாங்கூரில் சாதிக்கட்டுப்பாடு வீட்டின் உயரத்தையும், குடையையும், செருப்பையும், பொன்னகையையும், பசுவில் பால் கறப்பதையும் கூட வரையறுத்தது. நாடார் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதற்கும் தடை இருந்தது. இடுப்பில் அமரும்படி வயிறு பெருத்து, கழுத்து ஒடுங்கி அமைந்த செம்புக்குடத்தின் வடிவத்தைப் பற்றிப் பேசும்போது, அந்த வடிவம் எல்லோருடைய இடுப்புக்கும் உரியதாக இருக்கவிடப்படவில்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டத்தின் கடைசிக் கலவரங்களுக்குப் பின்னர் 1859இல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அரசு வெளியிட்ட பிரகடனம் உடை பற்றியது; ஆயினும் அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டில், இத்தகைய கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தபோது, மண்கலம் மட்டுமே இருந்த வீடுகளுக்குள் உலோகக் கலம் நுழைந்தது ஒரு பொருளாதாரச் செய்தி மட்டுமன்று, அது உரிமையின் செய்தியும் ஆகும்.

இப்பகுதியின் உலோகக் கலங்களுள் மிகப் பழைய மரபைச் சேர்ந்தது இணைப்பே இல்லாத வார்ப்புக் கலம். மலையாளத்தில் ஓடு என்றும் தமிழில் வெண்கலம் என்றும் வழங்கும் கலவை, ஏறத்தாழ நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது. தட்டினால் மணிபோல் ஒலிக்கும், ஆனால் குளிர்ந்த நிலையில் சுத்தியலுக்கு வளையாமல் விண்டுபோகும். வளைக்க முடியாத உலோகத்தைத் தகடாக்கி மடிக்க இயலாது. அதனால் அது வேண்டிய வடிவத்திலேயே உருக்கி ஊற்றப்பட்டது. இவ்வேலையைச் செய்தவர்கள் மலையாள வழக்கில் மூசாரி என்றும், தமிழ் வழக்கில் கன்னான் என்றும் அழைக்கப்பட்ட கம்மாளப் பிரிவினர். வயல் களிமண்ணை மணலோடும் பொடித்த மண்ணோட்டுத் தூளோடும் பிசைந்து, ஒரு மர அச்சில் உருட்டி, கடைசல் பிடித்து, முதலில் பாத்திரத்தின் உட்புற வடிவமான மண் கருவைச் செய்வார்கள். அது காய்ந்தபின் அதன்மேல் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்ந்த மெழுகைப் பாத்திரத்தின் கனத்துக்குச் சமமாகப் போர்த்தி, அதையும் கடைந்து மென்மையாக்கி, மெழுகின் மேல் மீண்டும் மண் பூசுவார்கள். மெழுகைத் தொடும் முதற்பூச்சு மிக நுண்ணிய மண்ணாக இருக்க வேண்டும், ஏனெனில் கலத்தின் வெளித்தோலை அந்தப் பூச்சுத்தான் தீர்மானிக்கிறது. அதற்கு மேலுள்ள பூச்சுகள் தடிப்பும் வலிமையும் தருபவை. அச்சைச் சூளையில் இட்டு மெழுகை உருக்கி வடித்தபின், உள் கருவுக்கும் வெளிப்பூச்சுக்கும் இடையே எஞ்சிய வெற்றிடத்தில் உருகிய ஓடு ஊற்றப்படும். ஆறியபின் அச்சை உடைக்க வேண்டும் என்பதால் ஓர் அச்சில் ஒரு கலம்தான் கிடைக்கும். இரண்டு உருளிகள் ஒருபோதும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை.

மெழுகு வடிந்தபின் உள் கரு நகர்ந்துவிட்டால் கலத்தின் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் போகும். அதைத் தடுக்கச் சிறு உலோகத் துண்டுகளை மெழுகினூடே வைப்பதுண்டு. அவை ஊற்றிய உலோகத்தோடு கலந்து நின்று, பழைய உருளியின் அடியில் சற்றே நிறம் மாறிய புள்ளிகளாகத் தெரியும். வார்ப்பு முடிந்ததும் அரத்தால் சுரண்டி, மீண்டும் கடைசலில் பூட்டி விளிம்பையும் உட்புறத்தையும் உளியால் வழித்து மெருகேற்றுவார்கள்; அடுப்பின்மேல் அமரும் வெளிப்புறத்தை மெருகிடாமல் விடுவதும் உண்டு. இன்று இத்தொழில் ஆலப்புழை மாவட்டத்து மான்னாரிலும், கண்ணூர் மாவட்டத்துக் குஞ்ஞிமங்கலத்திலும் ஊரின் அடையாளமாக நிற்கிறது. தமிழகத் தெற்கில் அம்பாசமுத்திரத்தை அடுத்த வாகைகுளம் வெண்கல வேலைக்குப் பெயர் பெற்றது.

இம்மரபின் தொன்மைக்குச் சான்றுகள் தெற்கிலேயே உள்ளன. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை நடத்திய அகழாய்வுகளில் முதுமக்கள் தாழிகளோடு வெண்கலக் கலங்கள் பல கிடைத்தன. அவற்றுள்ளும் நீலகிரிக் கல்லறைகளில் கிடைத்தவற்றுள்ளும் ஒரு பகுதி, வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தைச் செஞ்சூட்டில் அடித்து மெலிதாக்கி நீரில் அமிழ்த்தியவை என்று உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் காட்டியுள்ளார். குளிரில் உடையும் அதே உலோகம் குறிப்பிட்ட சூட்டெல்லைக்குள் மட்டும் இளகி வளையும் என்பதை அக்காலத்துக் கைவினைஞர் அறிந்திருந்தனர். வெப்பமானி இன்றி, உலோகத்தின் நிறத்தைப் பார்த்தே அந்த எல்லைக்குள் நின்றிருக்கின்றனர். இது எளிதில் கடந்துபோகத்தக்க சாதனையன்று.

ஆனால் செம்பும் வெள்ளீயமும் இந்நாட்டில் மிகுதியாகக் கிடைப்பவையல்ல. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், முசிறித் துறைமுகப் பகுதிக்கு வந்திறங்கிய பண்டங்களுள் செம்பு, வெள்ளீயம், காரீயம் மூன்றையும் குறிக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துனிசியாவிலிருந்து வந்து 1132 முதல் 1149 வரை மலபார்க் கரையில் வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் ஒரு வெண்கலப் பட்டறையும் நடத்தினார். ஏடனிலிருந்த அவருடைய கூட்டாளிகள் உடைந்த பழைய பாத்திரங்களையும் செம்பையும் வெள்ளீயத்தையும் கப்பலில் அனுப்பி, புதுக் கலங்களாக வார்த்துத் திருப்பி அனுப்பும்படி எழுதிய கடிதங்கள், கெய்ரோ ஜெனிசா என்னும் யூதத் தொழுகைக்கூடத்து ஆவணக் குவியலில் எஞ்சியுள்ளன. கடல் கடந்து உடைசல் வந்து கலமாகத் திரும்பிச் செல்லும் அளவுக்கு இக்கரையின் கைத்திறன் மதிக்கப்பட்டது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நாகசாகியிலிருந்து கொண்டுவந்த ஜப்பானியச் செம்புக் கட்டிகள் கொச்சி, நாகப்பட்டினம் முதலிய துறைகளில் விற்கப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த இடத்தை இங்கிலாந்தின் செம்பு பிடித்துக்கொண்டது.

தகடாக்கப்பட்ட இந்தச் செம்பு, வார்ப்போருக்கு வேறான ஒரு தொழிலுக்கு இரை ஆயிற்று. செம்பைத் தட்டிக் கலம் செய்பவர்களை மலையாள நாட்டில் செம்புகொட்டி என்பர். கோயிற் கூரைக்குச் செப்புத் தகடு வேய்வதும் அவர்கள் வேலையே. ஓட்டைப்போல் அன்றிச் செம்பு குளிரிலேயே வளையும், ஆனால் அடிக்க அடிக்க இறுகி, ஒரு கட்டத்தில் கீறத் தொடங்கும். அப்போது அதைக் கரியடுப்பில் செக்கச்சிவக்கக் காய்ச்சினால் மீண்டும் இளகும். எஃகாக இருந்தால் காய்ச்சி நீரில் தோய்க்கும்போது கடினமாகும். செம்பு நீரில் தோய்த்தாலும் இளக்கமாகவே இருக்கும், மேலே படிந்த கருஞ்சீவலும் கழன்று விழும். வட்டமாக வெட்டிய தகட்டை மரத்திலோ கல்லிலோ குடைந்த குழியில் வைத்துக் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலால் முதலில் குழித்து, பிறகு இரும்புப் பட்டடையின்மேல் கவிழ்த்து வெளிப்புறமிருந்து வட்டவட்டமாக அடித்து உயர்த்தி, இடையிடையே காய்ச்சி, ஒரு குடத்தின் கீழ்ப்பாதியை எழுப்புவார்கள்.

குடத்தின் வாய் ஒடுங்கியது. ஒரே தகட்டிலிருந்து அதை அடித்தெடுப்பது மிகுந்த உழைப்பைக் கேட்கும். எனவே அடிவயிறு ஒரு துண்டு, தோளும் கழுத்தும் வேறு துண்டு என்று செய்து, வயிறு மிகப் பெருத்த இடத்தில் பொருத்துவது வழக்கமாயிற்று. மெல்லிய தகடுகளின் ஓரங்களை வெறுமனே முட்டவைத்துப் பற்றவைத்தால், பற்றிக்கொள்ளும் பரப்பு தகட்டின் கனத்தளவே இருக்கும்; நீர் நிறைந்த குடத்தைக் கிணற்றுச் சுவரில் ஒருமுறை இடித்தால் அது பிளந்துவிடும். இதற்குக் கண்ட தீர்வு பல்வெட்டு இணைப்பு. ஒரு துண்டின் ஓரத்தில் சீரான இடைவெளியில் சிறு வெட்டுகள் போட்டு, உண்டாகும் பற்களை ஒன்று உள்ளே ஒன்று வெளியே என மாற்றி மடக்கி, மற்றத் துண்டின் ஓரத்தை அவற்றுக்கிடையே செருகி, இரு கைவிரல்களைக் கோத்ததுபோல் பூட்டி, சுத்தியலால் படியத் தட்டுவார்கள். பற்றவைப்பதற்கு முன்பே துண்டுகள் தாமாகவே நிற்கும். பற்றும் பரப்பும் பல மடங்கு பெருகும்.

பிறகு நாகம் என்னும் துத்தநாகம் மிகுந்த பித்தளையின் அரப்பொடியை வெங்காரத்தோடு குழைத்து இணைப்பின்மேல் தடவிக் கரிநெருப்பில் காட்டுவார்கள். வெங்காரம் உருகிச் செம்பின் மேலுள்ள துருப்படலத்தைக் கரைத்து, காற்றுப் படாமல் காக்கும். பித்தளைப் பொடி உருகி இடுக்குகளுக்குள் தானே ஓடும். இங்கே கைவினைஞருக்குக் கிடைக்கும் இடைவெளி குறுகியது: செம்பு உருகுவது 1085 பாகை செல்சியஸில், அத்தகைய பித்தளை உருகுவது 900 பாகைக்குச் சற்று முன்பின்னாக. துருத்தியை ஒரு கணம் மிகுதியாக ஊதிவிட்டால் கலமே ஓட்டையாகும். இணைந்தபின் மேட்டை அராவி, பட்டடையில் வைத்து மீண்டும் அடிக்கும்போது, பற்கள் தகட்டின் கனத்தோடு ஒன்றாகி, செந்நிறத்தில் மஞ்சளான ஒரு பல்வரிசையாக மட்டும் தெரியும். மெருகிட்ட சுத்தியலால் அடியிலிருந்து வாய்வரை நெருக்கமாக இடும் கடைசித் தட்டல் அழகுக்கானது என்று பலரும் எண்ணுவர்; உண்மையில் காய்ச்சி இளகிப்போன செம்புக்கு உறுதியை மீட்டுத் தருவது அத்தட்டலே. வாயின் விளிம்பில் கம்பியைச் சுற்றித் தகட்டைச் சுருட்டுவதோடு வடிவம் நிறைவுறும்.

உணவைத் தொடும் செம்பு, பித்தளைக் கலங்களின் உட்புறத்துக்கு ஈயம் பூசுவது தனித் தொழில். புளியும் மணலும் கொண்டு தேய்த்துத் துலக்கிய கலத்தைக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவினால் வெண்புகை எழும்பி உலோகத்தின் முகம் தூய்மையாகும்; 232 பாகையிலேயே உருகும் வெள்ளீயத்தை அப்போது தேய்த்துப் பஞ்சால் ஒற்றிப் பரப்புவார்கள். அந்தப் பூச்சு சமையலில் தேய்ந்து செம்பு தெரியத் தொடங்கும்போது மறுபடியும் பூச வேண்டும். ஆகவே இக்கலங்கள் விற்றவுடன் கைவினைஞரை விட்டு நீங்குவதில்லை; துருத்தியோடு ஊர்சுற்றி வந்தவர்களிடம் அவை திரும்பத் திரும்பப் போயின. எடைக்கு விலை இருந்ததால் அடகுக்கடைக்கும் போயின. திரும்பி வரும்போது அடையாளம் தெரிய, உடையவர் பெயரைச் சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டும் வழக்கம் நிலைத்தது.

தகரத்தோடு வந்தது வேறொரு கதை. மண்ணெண்ணெய் நான்கு காலன் டின்களில், அதாவது ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும் சதுரத் தகரங்களில் ஊரூராகப் பரவியபோது, காலியான டின் எந்தக் கடற்கரை ஊரிலும் கிடைக்கும் மூலப்பொருள் ஆயிற்று. அது மெல்லிய இரும்புத் தகட்டின் இருபுறமும் வெள்ளீயம் பூசியது. 1922இல் ஜாம்ஷெட்பூரை அடுத்த கோல்முரியில் உற்பத்தி தொடங்கும்வரை இந்தியாவுக்கு வேண்டியது முழுவதும் வெளியிலிருந்தே வந்தது. இதில் அடித்து உயர்த்துவதற்கு ஒன்றுமில்லை. வெட்டுவதும் மடிப்பதுமே வேலை. இரு ஓரங்களையும் கொக்கிபோல் மடக்கி ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, தட்டிப் படியவைத்து, காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசை, சூடேற்றிய செம்புமுனைக் கோலால் ஓட்டினால் 200 பாகையை ஒட்டிய சூட்டிலேயே வேலை முடிந்துவிடும். உலைக்களமும் துருத்தியும் வேண்டாம், ஒரு கரிச்சட்டி போதும். வெண்கலத்துக்கும் செம்புக்கும் வழியில்லாத வீடுகளில் அரிசியையும் பயற்றையும் எலியிடமிருந்து காத்த முதல் உலோகக் கலம் இந்த மடிப்புத் தகரமே. அதன் வரலாற்று இடம் உருளியின் இடத்துக்குக் குறைந்ததன்று.

துணியும் பத்திரமும் வைக்கும் டிரங்குப் பெட்டியும் இதே இலக்கணத்தில் எழுந்தது. அகன்ற தட்டைத் தகடு தானாக நிற்காது, அமுங்கி நெளியும். ஆகவே மூடியிலும் பக்கங்களிலும் வரிவரியாகப் புடைப்புகள் இட்டு விறைப்பேற்றி, விளிம்பைக் கம்பிமேல் சுருட்டி, மூலைகளுக்குத் தனித் தகடு பொருத்தித் தறையாணி அடித்தனர். ஆண்டுக்கு இருமுறை பருவமழை பெய்து, உப்புக்காற்றும் வீசும் இந்த நாட்டில் வண்ணப்பூச்சு அலங்காரமன்று: வெள்ளீயப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் இரும்பு மேலும் விரைவாகத் துருவேறும். துத்தநாகம் பூசிய தகடு இதற்கு நேர்மாறு. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கும், அதனால் தண்ணீர் வாளிக்கு அதுவே ஏற்றதாயிற்று.

அலுமினியம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1898இல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திர வேலையைத் தொடங்கினார். 1943இல் பள்ளிவாசல் நீர்மின் நிலைய மின்சாரத்தைக் கொண்டு ஆலுவாவை அடுத்த அலுபுரத்தில் அலுமினியம் உருக்கப்பட்டபோது, திருவிதாங்கூரே அவ்வுலோகத்தின் பிறப்பிடங்களுள் ஒன்றாயிற்று. விலை குறைவும் எடை குறைவும் அதைப் பரப்பின. பழைய பட்டறைகளின் கைமுறையால் பற்றவைக்க முடியாத அதன் இயல்பு, ஓட்டை விழுந்த கலத்தைத் தூக்கியெறியும் பழக்கத்தையும் கொண்டுவந்தது.

எவர்சில்வர் இந்த மாற்றத்தை முழுமையாக்கியது. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகின் வழியில் வந்த இது, குரோமியம் கலந்திருப்பதால், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலத்தைத் தன்மேல் தானே போர்த்திக்கொள்ளும். களிம்பு இல்லை, ஈயப்பூச்சு வேண்டாம், புளி வைத்துத் துலக்கவும் வேண்டாம். தண்ணீர் சுமப்பதும் பாத்திரம் துலக்குவதும் பெண்கள் தலையிலேயே விழுந்த வீடுகளில் இது எத்தனை மணி நேர உழைப்பைக் குறைத்தது என்பதை, பழைய கலங்களின் அழகைப் போற்றுவோர் மறந்துவிடலாகாது. வட்டத் தகட்டை அழுத்துப்பொறி ஒரே மூச்சில் குழிக்குள் இழுத்துச் சம்படமாகவோ தூக்குவாளியாகவோ ஆக்குகிறது. ஆழம் கூடினால் பல படிகளாக இழுத்து இடையில் காய்ச்ச வேண்டும், ஏனெனில் இந்த எஃகு செம்பைவிட வேகமாக இறுகும். பிறகு எமரிப் பொடியும் துணிச்சக்கரமும் அதைக் கண்ணாடியாக்குகின்றன. திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம் போன்ற பித்தளை ஊர்கள் எவர்சில்வருக்கு மாறின. 1981இல் இயங்கத் தொடங்கிய சேலம் உருக்காலை தகட்டை உள்நாட்டிலேயே தந்தது. பழைய பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கும் வழக்கம் வீட்டுக்கு வீடு பரவ, தலைமுறைகளாகச் சேர்ந்த கலங்கள் உலைக்குத் திரும்பின.

ஆயினும் ஒடுங்கிய வாயுடைய குடத்தை மட்டும் அழுத்துப்பொறியால் ஒரே துண்டாக எடுக்க இயலவில்லை. எவர்சில்வர்க் குடமும் செம்புகொட்டி வகுத்த அதே இடத்தில், வயிற்றின் பெருத்த வட்டத்தில், கீழ்மேல் பாதிகளாகச் செய்து பற்றவைக்கப்படுகிறது. மின்பற்றின் கோட்டைத் தேய்த்து மெருகிட்டு மறைத்துவிடுவதால் அது எளிதில் கண்ணில் படுவதில்லை. இரும்பு அலமாரியும் அவ்வாறே டிரங்குப் பெட்டியின் வழித்தோன்றல்: கோத்ரேஜ் நிறுவனம் 1923இல் எஃகு அலமாரியைக் கொண்டுவந்தபின், சிறு நகரப் பட்டறைகள் தகட்டை மடித்து, விளிம்பை உள்ளே திருப்பி விறைப்பேற்றி, தறையாணிக்குப் பதில் புள்ளிப் பற்றவைப்பால் அதைச் செய்யக் கற்றுக்கொண்டன.

இப்பகுதியின் வீடுகளில் எஞ்சிய கலங்களின் காலத்தை அறிய விரும்புவோர் உலோகத்தையும் வடிவத்தையும் நம்பி முடிவு கட்டுவதில் இடர் உண்டு, ஏனெனில் வடிவம் உலோகம் மாறியும் தொடர்கிறது. கலத்தைக் கவிழ்த்து அடியையும் வயிற்றையும் பார்ப்பதே சரியான தொடக்கம். உள்வாயில் கடைசல் வரைகளும் அடியில் நிறம் மாறிய புள்ளிகளும் இருந்தால் அது மெழுகு வார்ப்பு. செந்நிறத்தில் மஞ்சள் பல்வரிசை ஓடினால் அது கைத்தட்டுச் செம்பு. பல் இல்லாமல் வழவழப்பான ஒற்றைக்கோடு மட்டும் இருந்தால், அண்மைக் காலத்தில் செம்புக்குடத்துக்கு மீண்டும் எழுந்த தேவைக்காக இயந்திரத்தில் செய்து வாயுப் பற்றவைப்பால் இணைத்தது. பழைய கலத்தில் ஒட்டுப்போட்ட தகடு இருந்தால் அதைக் குறையாகக் கருதி ஒதுக்காமல் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்; ஒட்டின் பற்றாசு பித்தளையா காரீயமா என்பதே, அந்தக் கலம் கடைசியாகச் செம்புகொட்டியிடம் போனதா தகரவேலைக்காரரிடம் போனதா என்பதைக் காட்டும். பித்தளைப் பற்று இருக்கும்வரை அவ்வூரை எட்டும் தொலைவில் ஒரு துருத்தி இயங்கியிருக்கிறது. காரீயப் பற்று தொடங்கும் இடத்தில் அது ஓய்ந்திருக்கிறது.